பாலைப் பள்ளத்தாக்கு ஆற்றில் மீன்களைக் கணக்கெடுப்பது எப்படி? கிராண்ட் கேன்யனை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யனின் அடியில் ஓடும் கொலராடோ ஆற்றில் எத்தனை மீன்கள் இருக்கின்றன என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. சில இடங்களில் பள்ளத்தாக்கின் ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டுகிறது. 446 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலை வந்து ஆற்றைத் தொடும் இடங்கள் மிகச் சில. நீர் சில வாரங்கள் தெளிந்து ஓடும். தொலைவில் பெய்த ஒரே மழையில் செம்மண் கலங்கி, கையளவு ஆழத்தில் இருப்பதுகூடத் தெரியாமல் போகும். ஆனாலும் அங்கே வாழும் ஹம்ப்பேக் சப் என்ற கூன்முதுகு மீன், அந்நாட்டின் ஆற்று மீன்களில் மிக நெருக்கமாகக் கண்காணிக்கப்படுபவற்றுள் ஒன்று. அதன் எண்ணிக்கை குறித்து அறிவியலாளர்கள் ஓரளவு உறுதியோடு பேச முடிகிறது.

எப்படி முடிகிறது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். உயிரியல், சூழலியல் படிக்கும் மாணவர்களையும், ஆறுகளின் மேல் அக்கறை உள்ள வாசகர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை மீன் வலையில் விழுந்தது என்பது பாதிச் செய்திதான். ஆற்றில் இருக்கும் ஒரு மீன் வலையில் விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. வேலையின் ஒவ்வொரு கட்டமும் அந்த வாய்ப்பை அறிவதற்காகவே அமைகிறது.

படி 1: வலையைத் தொடுமுன் ஆற்றின் கதையைப் படியுங்கள்

கொலராடோ இன்று இயல்பாக ஓடும் ஆறு அல்ல. 1963இல் கிளென் கேன்யன் அணை மூடப்பட்டு பாவெல் ஏரி நிரம்பத் தொடங்கியது. அதற்கு முன் ஆற்று நீரின் வெப்பம் குளிர்காலத்தில் உறைநிலைக்கு அருகிலும் கோடையில் 30 டிகிரி செல்சியஸுக்கு அருகிலும் இருந்தது. அணை வந்த பிறகு ஏரியின் ஆழத்திலிருந்து நீர் எடுக்கப்பட்டதால், பல பத்தாண்டுகள் ஆண்டு முழுவதும் 8 முதல் 12 டிகிரி வரையிலான குளிர்ந்த, தெளிந்த நீரே வெளியே வந்தது. வெதுவெதுப்பான நீருக்கும் வண்டலுக்கும் வெள்ளத்துக்கும் பழகிய மீன்களின் வாழிடம் ஒரே தலைமுறையில் மாறிப்போனது.

கிராண்ட் கேன்யனில் ஒரு காலத்தில் எட்டு வகை மண்ணின் மீன்கள், அதாவது அந்த ஆற்றுக்கே உரிய மீன்கள், வாழ்ந்தன. அவற்றில் கொலராடோ பைக்மின்னோ, போனிடெய்ல், ரவுண்ட்டெய்ல் சப் மூன்றும் இந்தப் பகுதியிலிருந்து மறைந்துவிட்டன. பைக்மின்னோ ஆறடி வரை வளரக்கூடியது. ஆற்றின் தலைமை வேட்டை மீனாக இருந்தது. இப்போது எஞ்சியிருப்பவை ஹம்ப்பேக் சப், ஃபிளானல்மவுத் சக்கர், புளூஹெட் சக்கர், ஸ்பெக்கிள்ட் டேஸ், மிக அரிதாக ரேசர்பேக் சக்கர். இவற்றோடு மனிதர் கொண்டுவந்த வானவில் டிரவுட், பழுப்பு டிரவுட், கெண்டை, கெளுத்தி இனங்கள், அண்மையில் ஸ்மால்மவுத் பாஸ் ஆகியவையும் இருக்கின்றன.

ஹம்ப்பேக் சப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தலைக்குப் பின்னால் எழும் திமில், சிறு கண்கள், ஒல்லியாகச் சுருங்கி விரியும் வால், தோலில் பாதி புதைந்த சிறு செதில்கள் என்று வேகநீருக்கு ஏற்ற உடல் அதற்கு. முப்பது ஆண்டுகளுக்கு மேல்கூட வாழக்கூடியது. அறிவியல் அதற்குப் பெயரிட்டதே 1946இல்தான். 1967இல் அழியும் ஆபத்துள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. 2021இல் ஆபத்து நிலை ஒரு படி குறைக்கப்பட்டது. லிட்டில் கொலராடோ என்ற கிளையாறு, அணைக்குச் சற்றுக் கீழே உள்ள லீஸ் ஃபெரி என்ற படகுத்துறையிலிருந்து சுமார் 99 கிலோமீட்டர் கீழே வந்து கலக்கிறது. அந்தக் கிளையாற்றின் கடைசி 21 கிலோமீட்டர்தான் இந்த இனத்தின் தலையாய இனப்பெருக்க இடம். புளூ ஸ்பிரிங்ஸ் ஊற்றுகளிலிருந்து சுண்ணாம்பு கலந்து வரும் நீல நீர் வெதுவெதுப்பானது. பெரிய ஆறு குளிர்ந்தபோது சப் பிழைத்தது இந்தக் கிளையாற்றால்தான்.

இவ்வளவையும் ஏன் முதலில் படிக்கச் சொல்கிறேன் என்றால், எங்கே எப்போது தேடுவது என்ற முடிவு முழுவதும் மீனின் வாழ்க்கைச் சுழற்சியிலிருந்து வருகிறது. அது தெரியாமல் போடும் வலையில் கிடைப்பது வெறும் தற்செயல்.

படி 2: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"மீன்கள் எப்படி இருக்கின்றன?" என்பது கேள்வி ஆகாது. "200 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள ஹம்ப்பேக் சப், கிளையாற்றிலும் அது கலக்கும் இடத்தைச் சுற்றிய பெரிய ஆற்றுப் பகுதியிலும் எத்தனை இருக்கின்றன, சென்ற ஆண்டைவிடக் கூடினவா குறைந்தனவா?" என்பது கேள்வி. இங்கே இனம், அளவு, இடம், காலம் நான்கும் வரையறுக்கப்பட்டுவிட்டன. 200 மில்லிமீட்டர் என்பது முதிர்ந்த சப் என்பதற்கு அங்கே வழங்கும் எல்லைக்கோடு.

அயல் மீன் புதிதாக நுழைந்திருக்கிறதா என்பது வேறு வகைக் கேள்வி. அதற்கு எண்ணிக்கை வேண்டாம். ஒன்று இருந்தாலும் கண்டுபிடித்துவிடும் கூர்மை வேண்டும். ஒரே பயணத்தில் இரண்டுக்கும் விடை தேடலாம், ஆனால் ஒரே முறையால் முடியாது. இதைத் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ளாத திட்டங்கள் இரண்டிலும் அரைகுறையாக நிற்கும்.

படி 3: அனுமதிகள்

இதில் குறுக்குவழி இல்லை. தேசியப் பூங்காவில் ஆய்வு செய்யப் பூங்கா நிர்வாகத்தின் அனுமதி, சட்டப் பாதுகாப்புள்ள மீனைத் தொடக் கூட்டாட்சி அரசின் மீன் வனவிலங்குத் துறையின் அனுமதி, அரிசோனா மாநிலத்தின் சேகரிப்பு உரிமம் எல்லாம் தேவை. லிட்டில் கொலராடோவின் அந்தப் பகுதி நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் இருப்பதால் அவர்களின் ஒப்புதலும், பெரிய ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஹுவலபாய் பழங்குடி மக்களின் ஒப்புதலும் வேண்டும்.

இரண்டு ஆறுகளும் கலக்கும் இடம் ஹோப்பி, ஜூனி, நவஹோ மக்களுக்குப் புனிதமானது. அயல் மீன்களை அங்கே கொத்துக்கொத்தாகக் கொல்வதற்கு ஜூனி மக்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பின்னர் வந்த திட்டங்களில் அவர்கள் சொன்னது கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஓர் ஆற்றோடு தலைமுறைகளாக வாழ்ந்தவர்களிடம் பேசாமல் வகுத்த ஆய்வுத் திட்டம் அறத்திலும் குறைபட்டது, அறிவிலும் குறைபட்டது.

படி 4: எங்கே வலை போடுவது?

படகோட்டிக்கு வசதியான மணல்திட்டுகளில் மட்டும் வலை போட்டால், மணல்திட்டை விரும்பும் மீன்களின் கணக்குத்தான் கிடைக்கும். ஆகவே ஆற்றைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மாதிரி இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். பாறைக் குவியல் உள்ள கரை, செங்குத்துப் பாறைச் சுவர், மணல் கரை, சுழல், தேங்குநீர் என்று கரையின் வகைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கிராண்ட் கேன்யனில் இடங்களை லீஸ் ஃபெரியிலிருந்து ஆற்று மைல் கணக்கில் குறிப்பது வழக்கம். அணைக்கும் லீஸ் ஃபெரிக்கும் இடையிலான சுமார் 25 கிலோமீட்டருக்கு எதிர்ம எண்கள்.

குலுக்கலில் வந்த இடம் பாறைகளில் மோதிப் பாயும் வேகநீரின் நடுவில் விழுந்தால் என்ன செய்வது? பாதுகாப்பாக வேலை செய்ய முடியாத இடத்தை விட்டுவிடலாம். ஆனால் எந்த இடங்களை, எந்த விதியின்படி விட்டோம் என்பதை எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு வேறு குழு வந்தாலும் அதே விதியைப் பின்பற்ற வேண்டும்.

கலக்கும் இடத்தில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. முதிர்ந்த சப் எல்லாம் ஒவ்வோர் ஆண்டும் முட்டையிடக் கிளையாற்றுக்குள் ஏறுவதில்லை. ஒரு பகுதி அந்த ஆண்டைத் தவிர்த்துப் பெரிய ஆற்றிலேயே தங்கிவிடுகிறது. கிளையாற்றில் மட்டும் கணக்கெடுத்தால் அவை இல்லாதவை ஆகிவிடும். அதனால் இரண்டு ஆறுகளிலும் மாதிரி எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் நகர்வையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள்.

படி 5: எந்தக் கருவி?

ஒவ்வொரு கருவியும் சில மீன்களைப் பிடிக்கும், சிலவற்றை விட்டுவிடும். எனவே கருவிகளைச் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள்.

வளைய வலை. இளம் சப்புகளுக்கும் நடுத்தர அளவு மீன்களுக்கும் இதுவே முதன்மைக் கருவி. சுமார் அரை மீட்டர் விட்டமுள்ள வளையங்களில் நெருக்கமான கண்ணியுள்ள வலை கட்டப்பட்டிருக்கும்; உள்ளே போன மீன் குறுகிய தொண்டை வழியாகத் திரும்பி வருவது கடினம். கரையோரப் பாறைகளுக்கிடையே கட்டிவிட்டு, சுமார் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்கள். மீனுக்குத் தீங்கு மிகக் குறைவு. இரை வைப்பதென்றால் எல்லா வலைகளிலும் ஒரே இரையை ஒரே அளவில் வையுங்கள். பாதி வலையில் இரையும் பாதியில் இல்லாமலும் இருந்தால் ஒப்பிடவே முடியாது. பெரிய, வயதான சப்புகள் இந்த வலைக்குள் அவ்வளவாக வருவதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மூவடுக்கு வலை. பெரிய மீன்களுக்கு உதவும், ஆனால் மீன் சிக்கித் திணறும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீரில் விடக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் சிக்கிய மீன் எளிதில் இறந்துவிடும் என்பதால், நீரின் வெப்பம் ஏறிய நாள்களில் இதை எடுக்காமல் இருப்பதே நல்லது.

மின்சாரத்தால் மயக்கிப் பிடித்தல். இரவில் படகைக் கரையோரமாக மெல்ல நகர்த்தியபடி, துடிப்பு நேர்மின்னோட்டத்தை நீரில் செலுத்துவார்கள். சில நொடிகள் மயங்கும் மீன்களைப் படகின் முன்னால் நிற்பவர் கைவலையால் அள்ளிக் காற்றூட்டிய தொட்டியில் விடுவார். டிரவுட் கணக்கெடுப்புக்கு இதுவே முதன்மை முறை. ஒரு மாதிரி இடத்துக்கு இத்தனை நொடி மின்சாரம் என்று வரையறுப்பார்கள். பெரிய ஆற்றின் முழுநீளக் கணக்கெடுப்பில் சுமார் 300 நொடிகள். உப்புத்தன்மை கூடிய நீரில் மின்சாரம் வேறு விதமாகப் பரவும் என்பதால், ஒவ்வோர் இடத்திலும் நீரின் மின்கடத்துத் திறனை அளந்து மின்னழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். ரப்பர் கையுறை, உயிர்காப்புச் சட்டை, கால் எடுத்த கணமே மின்சாரத்தைத் துண்டிக்கும் மிதிவிசை மூன்றும் கட்டாயம். முறையான பயிற்சி இல்லாதவர் இந்தப் படகில் ஏறவே கூடாது.

சிறு இழுவலை. தேங்குநீரில் குஞ்சுகளையும் டேஸ் போன்ற சிறு மீன்களையும் தேட இதுவே போதும். ரேசர்பேக் சக்கர் பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில் முட்டையிடுகிறது என்பதை 2014இல் கிடைத்த இளங்குஞ்சுகள் காட்டிக்கொடுத்தன. பெரிய வலைகள் மட்டும் போட்டிருந்தால் அது தெரிந்திருக்காது.

நீருக்கடி ஆன்டெனா. உடலில் மின்னணுக் குறி பொருத்திய மீன் (படி 8) அருகே வந்தாலே அந்தக் குறியின் எண்ணைப் படித்துவிடும். மீனைத் தொட வேண்டியதில்லை. வலைக்குப் பிடிபடாத முதிய மீன்களைக் காட்டுவதில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் குறி இல்லாத மீன் இதற்குத் தெரியாது. நீளமோ எடையோ உடல்நிலையோ சொல்லாது. வலைக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், மாற்றாக அல்ல.

நீரில் கலந்திருக்கும் மரபணுத் தடயத்தைச் சோதிக்கும் முறையும் வளர்ந்து வருகிறது. புதிய அயல் மீன் நுழைந்திருக்கிறதா என்று அறிய ஏற்றது. மேலே உள்ள ஏரியிலிருந்து வந்த நீரிலேயே அந்தத் தடயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், அணைக்குக் கீழே அதன் முடிவை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

படி 6: எப்போது? நீர்மட்டம், கலங்கல், வெப்பம்

லிட்டில் கொலராடோவில் வழக்கமாக வசந்தத்தில் இரண்டு பயணங்கள், இலையுதிர் காலத்தில் இரண்டு பயணங்கள். குழுவும் சாமான்களும் ஹெலிகாப்டரில் முகாம்களில் இறக்கப்படும். வசந்தத்தில் முட்டையிட வந்த முதிர்ந்த மீன்களைப் பார்க்கலாம். இலையுதிர் காலத்தில் அந்த ஆண்டுக் குஞ்சுகளில் எத்தனை தேறின என்று பார்க்கலாம். இடையில் ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைப்பருவம். அப்போது வரும் திடீர் வெள்ளம் வலைகளை மட்டுமல்ல, முகாமையே அடித்துச் சென்றுவிடும்.

பெரிய ஆற்றில் நீர்மட்டம் மின்தேவையைப் பொறுத்து நாள்தோறும் ஏறி இறங்கும். இப்போதுள்ள இயக்க விதிகளின்படி அணையிலிருந்து பகலில் விநாடிக்கு 8,000 கன அடிக்கும் இரவில் 5,000 கன அடிக்கும் குறையாமல் நீர் விட வேண்டும். வழக்கமான உச்ச அளவு 25,000 கன அடி. அணையில் மாலையில் ஏறிய நீர் கீழே வரப் பல மணி நேரம் ஆகும். தொலைவு கூடக்கூட ஏற்றத்தின் நேரம் தள்ளிப்போகும். நீர் உயர்ந்திருக்கும்போது கரையோரம் கட்டிய வலை, இறங்கிய பிறகு உலர்ந்த பாறையில் கிடக்கும். உள்ளே இருந்த மீன்கள் வெயிலில் இறந்திருக்கும். அன்றைய நீர்விடுப்பு அட்டவணையை முன்கூட்டியே பார்த்து, உங்கள் இடத்துக்கு இறக்கம் எப்போது வரும் என்று கணக்கிட்டு, அந்த மட்டத்துக்கும் கீழே வலையைக் கட்டுங்கள்.

கலங்கல் எல்லாவற்றையும் மாற்றிவிடும். கலங்கிய நீரில் மயங்கிய டிரவுட் கண்ணுக்குத் தெரியாது; மின்பிடிப்பின் எண்ணிக்கை விழும். அதே கலங்கலில் சப் அச்சமின்றி நடமாடி வளைய வலையில் கூடுதலாக விழும். இரண்டிலும் ஆற்றில் மீன்களின் எண்ணிக்கை மாறவே இல்லை. அதனால் ஒவ்வொரு வலைக்கும் ஒவ்வொரு மின்பிடிப்புக்கும் கலங்கல் அளவையும் நீர் வெப்பத்தையும் எழுதியே ஆக வேண்டும். களைத்துப்போன இரவில் முதலில் விட்டுவிடத் தோன்றுவதும் இந்தக் கட்டத்தைத்தான், விடாதீர்கள்.

படி 7: மீன் உங்கள் கையில் இருக்கும் சில நிமிடங்கள்

பள்ளத்தாக்கின் அடியில் கோடை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். வேலையை விடியற்காலையில், நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள். உலர்ந்த கை மீனின் மேல் உள்ள வழும்பை உரித்துவிடும், அதன் வழியே நோய் நுழையும். வாளி நீரை அடிக்கடி மாற்றுங்கள். மண்ணின் மீனை முதலில் அளந்து விடுங்கள், அயல் மீன் காத்திருக்கட்டும். பிடித்த இடத்திலேயே விடுங்கள்.

முதல் வேலை இனம் காண்பது. வளர்ந்த மீன்களில் குழப்பம் இல்லை: ஃபிளானல்மவுத்தின் உதடுகள் சதைப்பற்றோடு மடிந்து தொங்கும், புளூஹெட்டின் உதட்டுக்குள் பாறையில் பாசி சுரண்டக் குருத்தெலும்பு விளிம்பு இருக்கும். விரல் நீளத்துக்கும் குறைவான சக்கர் குஞ்சுகளில்தான் தேர்ந்தவர்களும் தடுமாறுவார்கள். உறுதி இல்லையென்றால் "சக்கர், இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அப்படி எழுதுவது குறை ஆகாது. ஊகத்தில் எழுதிய பெயர்தான் பின்னாளில் யாருடைய பகுப்பாய்வையோ கெடுக்கும்.

அடுத்து நீளம். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை மொத்த நீளம். பிளவுபட்ட வாலுள்ள மண்ணின் மீன்களுக்கு வால் பிளவு வரையிலான நீளமும். எல்லாம் மில்லிமீட்டரில். எடை, ஆணா பெண்ணா, முட்டையோ விந்தோ கசிகிறதா, உடலில் நங்கூரப்புழு போன்ற ஒட்டுண்ணி இருக்கிறதா என்பவை தொடர்ந்து வரும்.

படி 8: சில்லு பொருத்துதல்

பிட் சில்லு என்பது சுமார் 12 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்த மின்னணுக் குறி. அதில் மின்கலம் இல்லை. படிப்பானை அருகே கொண்டுபோனால் தன் எண்ணைச் சொல்லும். மீனின் ஆயுள் முழுவதும் நிலைக்கும். நூறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சப்புகளின் வயிற்றறைக்குள் ஊசியால் இதைச் செலுத்துகிறார்கள். அதற்கும் சிறியவற்றுக்குத் தோலுக்கடியில் வண்ணச் சாயம் இட்டு, எந்தப் பயணத்தில் பிடித்தது என்று மட்டும் குறிப்பதுண்டு.

இங்கே ஒரே ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: ஊசியை எடுக்குமுன் படிப்பானை எடுங்கள். மீனில் ஏற்கெனவே சில்லு இருக்கலாம். தொடக்க காலச் சில்லுகள் 400 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கின, இன்றையவை 134.2 கிலோஹெர்ட்ஸில். புதிய படிப்பான் மட்டும் வைத்திருந்தால் பழைய சில்லு மௌனமாக இருக்கும். நீங்கள் இரண்டாவது சில்லைச் செலுத்திவிடுவீர்கள். பல பத்தாண்டுகளின் வரலாற்றைச் சுமந்து வந்த ஒரு மீன் அந்தக் கணத்தில் புதிய மீனாகப் பதிவாகிவிடும். 1989 முதல் சேர்ந்த குறியீட்டுப் பதிவுகளின் மேல்தான் இந்த ஆற்றின் கணக்கீடு முழுவதும் நிற்கிறது என்பதை நினைத்தால், அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பது புரியும்.

படி 9: பிடித்ததிலிருந்து இருப்பதைக் கணக்கிடுதல்

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். முதல் பயணத்தில் 200 மீன்களைப் பிடித்துச் சில்லு பொருத்தி விடுகிறீர்கள். ஒரு மாதம் கழித்து இரண்டாம் பயணத்தில் 150 மீன்கள் கிடைக்கின்றன. அவற்றில் 30இல் உங்கள் சில்லு இருக்கிறது. அதாவது நீங்கள் குறியிட்ட 200இல் 30, நூற்றுக்குப் பதினைந்து, மறுபடி பிடிபட்டிருக்கின்றன. குறியில்லாத மீன்களும் அதே விகிதத்தில்தான் பிடிபட்டிருக்கும் என்று கொண்டால், 150 என்பது மொத்தத்தில் நூற்றுக்குப் பதினைந்து. ஆகவே மொத்தம் சுமார் 1,000. சிறு எண்ணிக்கைகளில் வரும் சாய்வைச் சரிசெய்யும் வாய்பாட்டைப் போட்டால் சுமார் 978 வரும்.

இப்போது இரண்டாம் பயணத்தன்று ஆறு வேறு நிலையில் இருந்து, 50 மீன்கள்தான் கிடைத்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். வலைக்கு எத்தனை மீன் என்று மட்டும் பார்ப்பவர், மீன்வளம் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது என்று அறிக்கை எழுதிவிடுவார். அந்த 50இல் 10 குறியிட்டவை என்றால் கணக்கு மறுபடியும் 1,000 என்றே வரும். குறைந்தது பிடிபடும் வாய்ப்பு; மீன் அல்ல.

இந்தக் கணக்குக்குச் சில நிபந்தனைகள் உண்டு. இரண்டு பயணங்களுக்கு இடையே மீன்கள் வெளியேறவோ உள்ளே வரவோ கூடாது. சில்லு விழுந்துவிடக் கூடாது. குறியிட்ட மீனும் இடாத மீனும் பிடிபடும் வாய்ப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஆற்றில் இவை முழுமையாக நிறைவேறுவதே இல்லை. முட்டையிட்டு முடித்த சப் பெரிய ஆற்றுக்குத் திரும்பிவிடும். பெரிய மீனும் சிறிய மீனும் பிடிபடும் வாய்ப்பு ஒன்றாக இருக்காது. அதனால்தான் பல ஆண்டுப் பதிவுகளைச் சேர்த்து, வயதையும் அளவையும் நகர்வையும் இறப்பையும் உள்ளடக்கும் கணித மாதிரிகளைப் பயன்படுத்துகிறார்கள். அப்படி ஒரு வயதுவாரி மாதிரியில், லிட்டில் கொலராடோ சப் கூட்டத்தில் முதிர்ந்தவை 2008இல் சுமார் 7,650 என்று மதிப்பிடப்பட்டது. உண்மை 6,000க்கும் 10,000க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்றும் சேர்த்தே சொல்லப்பட்டது. அந்த இடைவெளியை விட்டுவிட்டு நடு எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுவதை நான் நேர்மையான பழக்கமாகக் கருதவில்லை.

படி 10: "ஏன் மாறியது?" என்று சொல்வதற்கு முன்

2003 முதல் 2006 வரை, கலக்கும் இடத்துக்கு அருகில் 23,000க்கும் மேற்பட்ட அயல் மீன்கள் மின்பிடிப்பால் அகற்றப்பட்டன. பெரும்பாலானவை வானவில் டிரவுட். டிரவுட் சப் குஞ்சுகளைத் தின்னும், இரைக்கும் போட்டியிடும் என்பதே காரணம். அந்தப் பகுதியில் டிரவுட் வெகுவாகக் குறைந்தது. அதே ஆண்டுகளில் சப் பெருகியது. திட்டம் வெற்றி என்று எழுதி முடித்துவிடலாம்.

ஆனால் குழு மேல்நீர்ப் பகுதியில், மீன்களை அகற்றாத ஓர் ஒப்பீட்டு இடத்தையும் கணக்கெடுத்து வந்திருந்தது. அங்கேயும் டிரவுட் குறைந்திருந்தது. போதாக்குறைக்கு, வறட்சியால் பாவெல் ஏரியின் மட்டம் இறங்கி, அணையிலிருந்து வந்த நீர் அந்த ஆண்டுகளில் வெதுவெதுப்பாகியிருந்தது. வெதுவெதுப்பு சப் வளர உதவும். ஆக, சப் பெருகியது டிரவுட்டை அகற்றியதாலா, வெப்பத்தாலா, இரண்டாலுமா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. ஒப்பீட்டு இடம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சந்தேகம்கூட எழுந்திருக்காது. பணம் போதவில்லை என்ற பேச்சு வரும்போது முதலில் வெட்டப்படுவது ஒப்பீட்டு இடம்தான். அதை விட்டுக்கொடுக்காதீர்கள், வேண்டுமானால் பயணங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 11: எண் போய்ச் சேரும் இடம்

1992இல் கிராண்ட் கேன்யன் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1997 முதல் அணையின் இயக்கத்தை ஆய்வு முடிவுகளோடு இணைக்கும் திட்டம் நடக்கிறது. ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் உள்ள கண்காணிப்பு ஆராய்ச்சி மையம் அதன் அறிவியல் பிரிவு. 2016இல் வகுத்த நெறிப்படி, கலக்கும் இடத்துச் சப் கூட்டத்தில் முதிர்ந்தவை 9,000க்குக் கீழே போனால் இளம் மீன்களை வேறு இடங்களுக்குக் கொண்டுபோய் வளர்ப்பது போன்ற பாதுகாப்பு வேலைகள் கூட்டப்படும்; 7,000க்குக் கீழே போனால் அயல் மீன்களை அகற்றும் நடவடிக்கை பரிசீலிக்கப்படும். கலங்கல் அளவை எழுதாமல் விட்ட ஒரு பயணம் மதிப்பீட்டைச் சில நூறு இறக்கிவிட்டால், ஆயிரக்கணக்கான டிரவுட் அதற்கு விலை கொடுக்கலாம்; ஏற்றிவிட்டால் சப் விலை கொடுக்கும்.

படி 12: வலையில் வேற்று மீன் விழுந்தால்

பாவெல் ஏரி நிரம்பியிருக்கும்போது மட்டம் 3,700 அடி. மின்நிலையத்துக்கு நீர் எடுக்கும் வாய் 3,470 அடியில் இருக்கிறது. 2023 தொடக்கத்தில் ஏரி 3,520 அடிக்கு அருகே இறங்கியது. வெதுவெதுப்பான மேல்நீரும் அதில் வாழும் ஸ்மால்மவுத் பாஸும் நீர் எடுக்கும் வாயை நெருங்கின. 2022இல் அணைக்குக் கீழே உள்ள ஒரு தேங்குநீரில் பாஸ் குஞ்சுகள் கிடைத்தன. அவை அங்கேயே இனப்பெருக்கம் செய்யத் தொடங்கியிருந்தன. மீன் தின்னும் இந்தப் பாஸ் கொலராடோவின் மேல்பகுதியில் மண்ணின் மீன்களுக்குச் செய்த கேட்டைப் பார்த்தவர்களுக்கு அது கடுமையான செய்தி. உடனே அந்தத் தேங்குநீர் தடுக்கப்பட்டு மீன்கொல்லி மருந்து இடப்பட்டது. 2024 கோடையில் அணையின் கீழ்க்குழாய்கள் வழியாகக் குளிர்நீரைக் கலந்துவிட்டு, கலக்கும் இடம் வரை ஆற்றை 15.5 டிகிரிக்குக் கீழே வைக்க முயன்றார்கள். பாஸ் முட்டையிட அதைவிட வெப்பம் வேண்டும்.

அணைக்குக் கீழே வழக்கமாக நடக்கும் கணக்கெடுப்பில்தான் இது தொடக்கத்திலேயே தெரியவந்தது. அதனால் பட்டியலில் இல்லாத மீன் உங்கள் வலையில் விழுந்தால்: தலை, துடுப்பு, பக்கவாட்டு மூன்றும் தெரியும்படி அளவுகோலோடு படம் எடுங்கள். ஆற்று மைலையும் கரையின் பக்கத்தையும் நீர் வெப்பத்தையும் எழுதுங்கள். அயல் மீன் என்று உறுதியானால் அனுமதி விதிகளின்படி அதை உயிரோடு திரும்ப விடாதீர்கள்; குளிரில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். காதெலும்பைப் பார்த்து வயதையும், அதில் படிந்த வேதியியலைப் பார்த்து ஏரியில் பிறந்ததா ஆற்றில் பிறந்ததா என்பதையும் சொல்ல முடியும். பயணம் முடியும்வரை காத்திருக்காமல், அன்றிரவே செயற்கைக்கோள் தொலைபேசியில் செய்தி அனுப்புங்கள். அடுத்த ஆற்றுக்குப் போகும்முன் படகு, வலை, காலணி எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவி முழுக்க உலர்த்துங்கள். பாவெல் ஏரியில் பரவிவிட்ட குவாகா சிப்பியையும் லீஸ் ஃபெரியில் குடியேறிய நியூசிலாந்துச் சிறுநத்தையையும் இன்னொரு நீர்நிலைக்குக் கொண்டு சேர்ப்பவர் கணக்கெடுப்பவராக இருக்கக் கூடாது.